பெரியப்பாவின் சம்ப் குச்சி

எட்டடி மூங்கில் குச்சி ஆட்டோவுக்குள் அடங்காது. பெரியப்பா சாய்த்துப் பார்த்தார், குறுக்கே வைத்துப் பார்த்தார், கடைசியில் பாதியை வெளியே நீட்டி, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார். கம்பி ஏற்றிப் போகிற லாரிக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி. "கொடி ஏத்தப் போறீங்களா சார்?" என்று டிரைவர் கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. மடியில் ஒரு ஃபைல், அதற்குள் நான்கு தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒப்பித்துப் பார்க்கிறார்.

2025 பிப்ரவரி. பெங்களூரு மாநகராட்சியைப் பலவாகப் பிரிக்க வழிசெய்யும் கிரேட்டர் பெங்களூரு நிர்வாக மசோதாவை ஆராய அமைத்த சட்டமன்றக் கூட்டுக் குழு, ஊருக்குள் அங்கங்கே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்துக் கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். பெரியப்பாவுக்கு 78 வயது. அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே இருப்பவர். தூரவாணி நகர் ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டம் செய்கிறவர்கள் முன்னால் பேசுவது அவருக்கு வாழ்நாளில் இதுதான் முதல்முறை. நான் கூடப் போனது, உண்மையைச் சொன்னால், படியேறும்போது விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் குச்சியை மேலும் கீழும் பார்த்தார். கோலெல்லாம் உள்ளே விடமாட்டோம் என்றார் கன்னடத்தில். இது கோல் இல்லை, அளவுகோல் என்றார் பெரியப்பா, அதுவும் கன்னடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போலீஸ்காரருக்குப் பிடிபடவில்லை. நியாயம்தான், எனக்கே ஒரு வருடம் முன்னால் தெரியாது. எதிரே இளநீர் வண்டிக்காரரிடம் குச்சியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம். மத்தூர்க்காரர். அவர் பாட்டுக்கு அதை வண்டியில் சாய்த்து, மேலே ஒரு கோணியை விரித்து நிழல் பண்ணிக்கொண்டார்.

அந்தக் குச்சி எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் அபார்ட்மெண்ட் பானஸ்வாடிப் பக்கம். 36 வீடு. அசோசியேஷன் செயலாளர் நான். பொதுக்கூட்டத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன், அதற்குள் தலையில் கட்டிவிட்டார்கள். 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாடு நினைவிருக்கும். எங்கள் போர்வெல் பிப்ரவரி கடைசியில் காற்றாக ஊத ஆரம்பித்தது. காவேரித் தண்ணி வாரத்தில் இரண்டு நாள், அதுவும் ராத்திரி. மிச்சத்துக்கெல்லாம் டேங்கர்தான். முந்தின வருடம் 12,000 லிட்டர் லாரி 1,100, 1,200 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தது. மார்ச் தொடக்கத்தில் அதே லாரி, அதே டிரைவர், 2,200 ரூபாய். தினம் இரண்டு லோடு. கேட்டால் "வேணாம்னா சொல்லுங்கக்கா, பக்கத்து பில்டிங்ல நிக்கிறாங்க" என்பார்.

ஒருநாள் சாயந்திரம் பெரியப்பா வந்திருந்தார். லாரி ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஊத்துறான்?" என்றார். பன்னிரண்டாயிரம் என்றேன். "யார் அளந்தா?" என்றார்.

யாரும் அளக்கவில்லை. லாரியின் மேல் பெயிண்டில் 12,000 என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பால் வாங்கினால் பாக்கெட்டில் அளவு பார்ப்போம், பெட்ரோல் போட்டால் மீட்டரில் சைபர் பார்ப்போம். தண்ணி லாரிக்கு மட்டும் ஏனோ பெயிண்டை நம்பினோம்.

அடுத்த வாரமே பெரியப்பா ஒரு மூங்கிலோடு வந்தார். அடிக்கும் அங்குலத்துக்கும் கத்தியால் கீறி, என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டிருந்தார். எண்கள் மட்டும் பேனா மையில். எங்கள் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணித் தொட்டி, உள்ளளவு 12 அடிக்கு 8 அடி, ஆழம் 7 அடி. மோட்டாரை நிறுத்தச் சொன்னார். லாரி ஊற்றுவதற்கு முன்னால் குச்சியை இறக்கி ஈரம் எதுவரை என்று பார்த்தார், ஊற்றி முடித்து அலை அடங்கியதும் மறுபடி இறக்கினார். அலை அடங்கும்வரை பத்து நிமிடம் யாரையும் பேச விடவில்லை. பேச்சுக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 12,000 லிட்டர் முழுசாக வந்தால் சம்பில் 4 அடி 5 அங்குலம் ஏற வேண்டும். ஏறியது 3 அடி 9 அங்குலம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10,200 லிட்டர்தான். 1,800 லிட்டர் எங்கே?

மூன்று நாள் அளந்தோம், ஒன்றிரண்டு அங்குல வித்தியாசத்தில் அதே கதைதான். லோடுக்கு 330 ரூபாய் தண்ணி காற்றில் போகிறது, மாதத்துக்குக் கிட்டத்தட்ட இருபதாயிரம். டிரைவரிடம் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. "அக்கா, ரோடு பாத்தீங்கல்ல? குண்டும் குழியுமா கிடக்கு. வர்ற வழியில சிந்திடுது" என்றார். மூடிபோட்ட டேங்க். 1,800 லிட்டர் சிந்தினால் பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரர்கள் நீந்தித்தான் வந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை, பெரியப்பாவும் மறக்கவில்லை.

அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 8,000 லிட்டர் 700, 12,000 லிட்டர் 1,000. 10 கிலோமீட்டர் வரை போனால் 750, 850, 1,200. ஜிஎஸ்டி தனி. டேங்கர்காரர்கள் மார்ச் 7க்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். நாங்கள் வெடி போடாத குறை. மறுநாள் போன் போட்டால், "ஆயிரம் ரூபாய்தாங்கக்கா, ஆனா லாரி இல்ல" என்றார்கள். நான்கு நாள் காய்ந்துவிட்டு, ரசீது இல்லாமல் 1,900க்கு ஒத்துக்கொண்டோம். இதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 36 வீட்டுக்குத் தண்ணி வேண்டும், அப்போது சட்டம் பேச முடியவில்லை.

பெரியப்பா விடவில்லை. அளவு குறைந்தால் எடையளவுச் சட்டம் இருக்கிறது, 2009 சட்டம், போய்ப் புகார் கொடு என்றார். நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, அங்கே போ என்றார். சரி என்று எங்கள் மாடியிலேயே இருக்கும் வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். அசோசியேஷன் பெயரில் நுகர்வோர் வழக்குப் போடலாமா?

அவர் ஒரு வார்த்தையைச் சொன்னார்: தன்னார்வ. நுகர்வோர் சட்டத்தில் புகார் கொடுக்கத் தகுதியுள்ளவர்களில் ஒன்று "தன்னார்வ நுகர்வோர் சங்கம்". எங்களைப் போன்ற அசோசியேஷன் 1972ஆம் வருடத்துக் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டம் சொல்வதால் அமைக்கிறோம், நாமாக மனமுவந்து சேர்ந்ததில்லை. ஆகவே இது தன்னார்வச் சங்கம் ஆகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் பெங்களூரு அடுக்ககம் ஒன்றின் வழக்கில்தான். வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போடலாம், அல்லது ஒரே குறையுள்ள பல பேருக்காகச் சிலர் அனுமதி வாங்கிப் போடலாம். 36 வீட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று கணக்குப் பார்த்தேன். எனக்கும் சேர்த்து நான்கு பேர் தேறினோம். வழக்கு அதோடு முடிந்தது.

தன்னார்வ. அந்தச் சொல்லைப் போட்ட அன்று, நுகர்வோருக்காக உழைக்கும் நல்ல அமைப்புகளைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். தெருவுக்குத் தெரு அடுக்ககம் வரும், செயலாளர் ஒருத்தி குச்சியோடு சம்பு மூடியைத் திறந்து நிற்பாள் என்று யாரும் அன்றைக்கு எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணுகிற யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு சொல் சேர்ந்திருக்கும். அந்த அறைக்குள் யார் போகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

நாடாளுமன்றத்திலாவது மசோதாவை நிறைவேற்றுவதற்கு முன்னால் ஆராயக் குழுவுக்கு அனுப்புகிற பழக்கம் கொஞ்சம் இருந்தது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் அது 16 சதவீதம். மாநிலங்களில் இன்னும் மோசம். 2022இல் மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்கு மேற்பட்ட மசோதாக்கள் கொண்டுவந்த அன்றோ மறுநாளோ நிறைவேறியிருக்கின்றன என்று பிஆர்எஸ் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. காலையில் பெண் பார்த்து சாயந்திரம் தாலி கட்டுகிற கதை. கேரளம் ஒரு விதிவிலக்கு. அங்கே 1980லிருந்து துறைவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன, மசோதாக்கள் அவற்றின் வழியாகப் போகின்றன. கர்நாடகத்தில் எப்போதாவது எதிர்க்கட்சி அடம் பிடித்தாலோ, ஆளுங்கட்சிக்கே தயக்கம் இருந்தாலோதான் குழு. எனக்குத் தெரிந்து பெங்களூரு நகர நிர்வாகத்துக்கு மட்டும் ஐந்து வருடத்துக்குள் இரண்டு முறை அந்த யோகம் அடித்தது. 2020இல் சி.வி. ராமன் நகர் எம்எல்ஏ ரகு தலைமையில் ஒன்று. அந்தக் குழு 198 வார்டை 243 ஆக்கச் சொன்னது. அப்புறம் 2024 ஜூலையில் வந்த இந்த கிரேட்டர் பெங்களூரு மசோதாவுக்கு, சிவாஜிநகர் எம்எல்ஏ ரிஸ்வான் அர்ஷத் தலைமையில் இன்னொன்று. இத்தனைக்கும் 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து அப்போது வரை ஊருக்கு ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லை. அதற்கு முன் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில்.

குழுவில் சொன்னால் நடந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2015 நுகர்வோர் மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, பொய் விளம்பரத்தில் நடிக்கும் நட்சத்திரங்களுக்கு ஜெயில்வரை போகலாம் என்று 2016இல் பரிந்துரைத்தது. 2019இல் சட்டமானபோது 10 லட்சம் அபராதமும் ஒரு வருடம் விளம்பரத்தில் நடிக்கத் தடையும் மிஞ்சின. மறுபடி செய்தால் அபராதம் 50 லட்சம். ஜெயில் காணாமல் போயிற்று. ஆனாலும் அந்த அபராதப் பிரிவே குழு கிளப்பிய சூட்டில் வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. ரியல் எஸ்டேட் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பதில் எவ்வளவு இழுபறி! முதலில் 70 சதவீதம் என்றார்கள், நடுவில் 50 ஆயிற்று, மாநிலங்களவைத் தேர்வுக் குழு உட்கார்ந்தது, கடைசியில் 2016 சட்டத்தில் 70 நின்றது. நல்லது. ஆனால் சட்டத்துக்குக் கீழே விதிகளை எழுதுவது மாநில அரசு. 2017 ஜூலையில் வந்த கர்நாடக விதிகளில், நடந்துகொண்டிருக்கும் கட்டுமானங்களில் எவை பதிவு செய்ய வேண்டாம் என்று ஒரு பட்டியல். அதில் ஒன்று: பணிகள் முடிந்ததாகச் சான்று இருந்து, 60 சதவீத வீடுகளுக்குக் கிரயப் பத்திரமும் ஆகியிருந்தால் பதிவு வேண்டாம். மீதி 40 சதவீதத்தில் காத்திருக்கிறவர் யாரிடம் போவார்? தலைவாசலில் அத்தனை விவாதம், கொல்லைப்புறத்தில் ஒரு வரி. விதிகளைப் பார்ப்பதற்கென்றே சட்டமன்றத்தில் சார்நிலைச் சட்டக் குழு என்று ஒன்று உண்டு. அது கூடுகிற நாளில் வாசலில் இளநீர் வண்டிகூட நிற்பதில்லை, யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் போனில் புலம்பியபோது, அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரில் இருக்கும் என் தங்கை மகன் சிரித்தான். அவன் ஊரில் எந்த மசோதாவானாலும் பொது விசாரணை நடந்தே தீர வேண்டும். கான்கார்டில் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போய் ஒரு ரோஸ் நிற அட்டையை நிரப்பிக் கொடுத்தால் கூப்பிடுவார்கள், பேசலாம். நுகர்வோர் விஷயங்களுக்கு வணிகம், நுகர்வோர் விவகாரம் என்று தனிக் குழுவே உண்டு. சின்ன மாநிலம், ஆனால் கீழ்சபைக்கு 400 பேர். சம்பளம் இரண்டு வருடத்துக்கு 200 டாலர். "பெரியம்மா, எனக்கு முன்னாடி பேசினவர் சொந்தமா கேக் செஞ்சு எடுத்துட்டு வந்திருந்தார்" என்றான். அங்கே எல்லாம் தேன் என்று நான் நம்பவில்லை. அவன் போன மசோதா கடைசியில் நிறைவேறவில்லையாம். ஆனால் "யார் கூப்பிட்டாங்க?" என்று அவனை யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பொறாமை.

கூட்டத்துக்கு வருகிறேன். பெரியப்பா எழுதி வைத்திருந்த நான்கு தாளில் 14 குறிப்பு. குப்பை, நடைபாதை, தெருநாய், அல்சூர் ஏரி, காத்தா என்கிற வீட்டுச் சொத்துப் பதிவு, எல்லாம் இருந்தது. முந்தின நாள் ராத்திரி பெரியம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "பதினாலும் சொன்னா ஒண்ணும் காதுல விழாது. தண்ணி லாரியை மட்டும் சொல்லிட்டு வாங்க" என்றார். பெரியப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பதிமூன்றையும் அடிக்க மனமில்லாமல் பென்சிலால் லேசாகக் கோடு இழுத்தார். அழித்தால் திரும்பி வந்துவிடும் என்பதுபோல.

அவர் எழுதியிருந்தது கன்னடம், எழுத்து தமிழ். பெங்களூரில் அவர் தலைமுறைத் தமிழர்கள் பலர் இப்படித்தான். கன்னடம் தண்ணிபட்ட பாடு, படிக்கவும் தெரியும், எழுதத்தான் கை வராது. தமிழில் ககரம் ஒன்றே ஒன்று இருப்பதால், அழுத்தி ஒலிக்க வேண்டிய இடத்திலெல்லாம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்திருந்தார். மெய்யெழுத்துப் புள்ளியோடு சேர்ந்து தாளே அம்மை போட்டது மாதிரி இருந்தது. தமிழிலேயே பேசலாமே என்றேன். "வேணாம்மா. அவங்க காதுக்கு நேரா போகணும், நடுவுல ஆள் வேணாம்" என்றார். 1991இல் காவேரிக் கலவரத்தின்போது கடையை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த தெருவில் வளர்ந்தவள் நான். அவர் கன்னடத்தில் பேசுவதற்கு வேறு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். மணி எதுவும் கிடையாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த பையன்தான் மணி. நேரமானால் அவன் மெல்ல அருகில் வந்து நிற்பான், அப்புறம் கையை நீட்டுவான். ஒருவர் ஊரைப் பிரிக்கவே கூடாது என்று ஆவேசமாகப் பேசினார். ஒரு அம்மா நடைபாதையில் விழுந்து கை உடைந்த எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் தன் வீட்டுக் காத்தா இழுத்தடிப்பதை ஆரம்பித்துத் தாத்தா காலத்துக்குப் போய்விட்டார். மசோதாவைப் படித்துவிட்டு வந்து பிரிவு எண்ணோடு பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். குறை சொல்லவில்லை, பிரிவு எண்ணா கை உடைந்தவருக்குத் தெரியும்? மேடையில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெரியப்பா எழுந்தார். தாளைப் பார்க்கவே இல்லை. சம்பின் நீளம், அகலம், ஏறிய உயரம், குறைந்த லிட்டர், எல்லாம் மனப்பாடம். குச்சி வெளியே இளநீர் வண்டியில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். கூட்டத்தில் சிரிப்பு. மேடையில் ஒருவர் மரியாதையாகவே சொன்னார், ஐயா, டேங்கர் குடிநீர் வாரிய விஷயம், இந்த மசோதாவுக்குள் வராது.

அந்த இடத்தில் நானாக இருந்தால் நன்றி சொல்லி உட்கார்ந்திருப்பேன். பெரியப்பா நிதானமாகக் கேட்டார். "லாரிக்காரர் சொல்றார், ரோட்டுல குழி இருக்கு, அதனால தண்ணி சிந்துதுன்னு. ரோடு உங்க மசோதாவுல இருக்கா இல்லியா?"

அரங்கமே சிரித்தது. சொன்னவரும் சிரித்தார். மைக் பையன் நகர்ந்து வந்தான், ஆனால் அவனும் சிரித்துக்கொண்டிருந்ததால் கையை நீட்ட மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். கிடைத்த அரை நிமிடத்தில் பெரியப்பா தான் கேட்க வந்ததைக் கேட்டார். வரப்போகிற ஒவ்வொரு கார்ப்பரேஷனும் தன் எல்லைக்குள் ஓடும் டேங்கரின் எண், கொள்ளளவு, விலை மூன்றையும் வார்டு ஆபீஸ் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வார்டு கமிட்டி மாதம் ஒருமுறை கூட வேண்டும். அப்புறம் கடைசியாக ஒன்று. கன்னடச் சட்டங்களில் "செய்யலாம்" என்பதற்கு "பஹுது" என்று வரும், "செய்தே ஆகணும்" என்பதற்கு "தக்கத்து" என்று வரும். "தயவுசெஞ்சு பஹுது போடாதீங்க. தக்கத்து போடுங்க. பஹுதுன்னு போட்டா அது ஆறிப்போன காபி."

கை தட்டினார்கள். எக்ஸ்ரே அம்மாதான் அதிகம் தட்டினார், நல்ல கையால் தொடையில்.

வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். மத்தூர்க்காரர் குச்சிக்கு வாடகை கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கோணியை மடித்துக்கொண்டு, இது எதற்கு என்று மட்டும் விசாரித்தார். பெரியப்பா விளக்கினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் ஊரிலும் டீசலுக்கு இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

மசோதா மார்ச் 10 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பினார், அப்புறம் ஒப்புதல் கிடைத்தது, மே 15 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஊர் ஐந்து கார்ப்பரேஷனாகப் பிரிந்தது. பெரியப்பா சட்டத்தின் கன்னடப் பிரதி ஒன்றை எப்படியோ வாங்கி வைத்துக்கொண்டு, "தக்கத்து" வருகிற இடமெல்லாம் சிவப்பிலும் "பஹுது" வருகிற இடமெல்லாம் பென்சிலிலும் அடிக்கோடு போட்டிருக்கிறார். சிவப்பு, என் மகளின் நெயில் பாலிஷ் இல்லை, பேனாதான். அவர் கேட்ட பலகையை இதுவரை எந்த வார்டு ஆபீஸிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மே மாதம் குடிநீர் வாரியமே "சஞ்சாரி காவேரி" என்று வீட்டுக்கு வந்து தண்ணி ஊற்றும் லாரித் திட்டத்தைத் தொடங்கியது. "நான் பேசினதாலதான்" என்கிறார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பெரியம்மா மட்டும், "ஆமா, காவேரிக் குடிநீர்த் திட்டம் அஞ்சாம் கட்டமும் இவர் சொல்லித்தான் கட்டினாங்க" என்றார்.

எங்கள் சம்பில் இப்போதும் குச்சி இறங்குகிறது. டிரைவர் பழகிவிட்டார், "அளந்துக்கோங்கக்கா" என்று தானே மோட்டார் ரூம் பக்கம் கை காட்டுகிறார். கடைசியாக அளந்தபோது 4 அடி 3 அங்குலம்.

2025 ஜூனில் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்களே, அதற்குப் பிறகு கூட்டக் கட்டுப்பாட்டுக்கு என்று ஒரு மசோதா வந்தது. ஆகஸ்டில் அதை அவைக் குழுவுக்கு அனுப்பினார்கள். பேப்பரில் செய்தி வந்த அன்று காலை ஏழு மணிக்கே பெரியப்பா போன்.

"அந்தக் குச்சியைக் கொஞ்சம் அனுப்பும்மா."

நானே எடுத்துக்கொண்டு போனேன். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தெருவில், பூப்பல்லக்கு நாளில் எள் போட்டால் எள் விழாத இடத்தில், அவர் குனிந்து நின்றார். குச்சியைத் தரையில் படுக்க வைத்து, நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மறுபடி எடுத்து வைத்தார். பைக்கில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பூக்கடைக்காரம்மா, "என்ன ஐயா, சைட் வாங்குறீங்களா?" என்று கேட்டார்.

"மூணே முக்கால் குச்சி. எழுதிக்கோ" என்றார் என்னிடம். "வண்டி நிறுத்தாம இருந்தா. வண்டி நிறுத்தினா எவ்வளவுன்னு இப்ப பார்ப்போம்."